ஹடர்ஸ்ஃபீல்ட் ரக்பி கிளப்பின் தொடக்க காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட இங்கிலாந்தின் ரக்பி லீக் வரலாற்றில் ஹடர்ஸ்ஃபீல்ட் என்ற பெயர் இரண்டு வெவ்வேறு காரணங்களுக்காக இடம்பெறுகிறது. 1895இல் அந்த ஊரின் ஒரு ஹோட்டலில் நடந்த கூட்டம் முதற்காரணம். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்த ஊர் அணி பெற்ற வெற்றிகள் அடுத்த காரணம். ரக்பி பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்களும் வாசகர்களும் என்னிடம் கேட்பவற்றில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்துகொள்வதால் எழும் ஐயங்களே. 1864 முதல் 1920 வரையிலான காலத்தைப் பற்றி அவர்கள் கேட்டவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே கீழே தொகுத்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்தது ஒரே ரக்பிதான். ரக்பி லீக், ரக்பி யூனியன் என்று இரண்டு உண்டா?

உண்டு. ரக்பி யூனியனில் ஓர் அணிக்குப் பதினைந்து பேர். ரக்பி லீக்கில் பதின்மூன்று பேர். யூனியனில் பந்து பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டினால் இரு அணியினரும் வரிசையாக நின்று எறியப்படும் பந்தைத் தாவிப் பிடிக்கும் லைன்-அவுட் உண்டு. லீக்கில் அது இல்லை. லீக்கில் பந்தோடு பிடிபட்டு விழுந்தவர் எழுந்து நின்று, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னுக்கு உருட்டி ஆட்டத்தைத் தொடர்வார். இலங்கையின் பள்ளிக்கூடங்களில் ஆடப்படுவதும், தொலைக்காட்சியில் நம்மில் பலர் பார்த்திருப்பதும் யூனியன்தான்.

இந்த வேறுபாடுகள் எல்லாம் பின்னால் வந்தவை. 1895 வரை இங்கிலாந்தில் ஒரே ரக்பிதான் இருந்தது. ஹடர்ஸ்ஃபீல்ட் கிளப்பும் அதையே ஆடிவந்தது.

ஹடர்ஸ்ஃபீல்ட் எப்படிப்பட்ட ஊர்?

யார்க்‌ஷயரின் மேற்குப் பகுதியில், பென்னைன் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் அமைந்த ஆலை நகரம். கம்பளித் துணி நெசவே அதன் உயிர்நாடி. லீட்ஸையும் மான்செஸ்டரையும் இணைக்கும் ரயில் பாதை அதன் வழியாகச் செல்கிறது. பின்னால் வரும் ஒரு பதிலுக்கு இந்த ரயில் பாதை தேவைப்படும்.

துணி ஆலைகளில் சனிக்கிழமை பிற்பகல் வேலை இல்லை என்ற ஏற்பாடு 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்துக்குப் பிறகு நிலைபெற்றது. அந்த அரைநாள் ஓய்வு இல்லையென்றால் வட இங்கிலாந்தில் ரக்பியோ கால்பந்தோ மக்கள் விளையாட்டாக வளர்ந்திருக்க முடியாது. ஆட்டங்கள் இன்றும் வார இறுதியை ஒட்டி நடப்பதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

கிளப் தொடங்கிய ஆண்டு 1864 என்று ஓரிடத்திலும், 1866 என்று வேறிடத்திலும், 1875 என்று இன்னோரிடத்திலும் படித்தேன். எது சரி?

மூன்றும் ஒவ்வொரு வகையில் சரியே. 1864இல் தொடங்கப்பட்டது ஹடர்ஸ்ஃபீல்ட் தடகளக் கழகம். ஓட்டம், தாண்டுதல், உடற்பயிற்சி ஆகியவற்றுக்காக நகரத்தவர் அமைத்துக்கொண்ட அமைப்பு அது. ரக்பி அதன் முதல் நோக்கம் அன்று. அந்தக் கழகம் 1866 ஜனவரியில் லீட்ஸ் அணியுடன் தன் முதல் ரக்பி ஆட்டத்தை ஆடியது. 1875இல் அது செயின்ட் ஜான்ஸ் கிரிக்கெட் கிளப்புடன் இணைந்து, ஹடர்ஸ்ஃபீல்ட் கிரிக்கெட் மற்றும் தடகளக் கழகம் ஆயிற்று.

கிளப்பின் பிறப்பாண்டாக அதிகாரபூர்வமாகச் சொல்லப்படுவது 1864. எந்த ஆண்டைத் தொடக்கமாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு பெரிய உரிமைகோரலே மாறிவிடும் என்பதால், இதைக் கடைசிப் பகுதியில் மீண்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஃபார்டவுன் என்பது அணியின் பெயரா, மைதானத்தின் பெயரா?

முதலில் அது ஊரின் ஒரு பகுதியின் பெயர். செயின்ட் ஜான்ஸ் கிரிக்கெட் கிளப்பின் மைதானம் அங்கே இருந்தது; இணைப்பின் வழியாக ரக்பிக்கும் அதுவே வீடாயிற்று. 1878இல் அங்கே முதல் ரக்பி ஆட்டம் நடந்தது. காலப்போக்கில் மைதானத்தின் பெயரே அணியையும் குறிக்கத் தொடங்கியது. வயதான ரசிகர்கள் அணியை இன்றும் ஃபார்டவுன் என்றே சொல்கிறார்கள். கருஞ்சிவப்பும் பொன்னிறமும் கலந்த சட்டை இந்த அணியின் அடையாளம்.

கிரிக்கெட் விரும்பும் வாசகர்களுக்காக ஒரு செய்தி. அதே வளாகத்தில் யார்க்‌ஷயர் கவுண்டி அணி பல ஆண்டுகள் கிரிக்கெட் ஆடியது. ஜார்ஜ் ஹர்ஸ்ட், வில்ஃப்ரட் ரோட்ஸ் என்ற இரு பெரும் ஆட்டக்காரர்களும் பக்கத்திலுள்ள கிர்க்ஹீட்டன் கிராமத்தவர்களே.

லீக் போட்டி இல்லாத அந்தக் காலத்தில் யாரோடு, எதற்காக ஆடினார்கள்?

பெரும்பாலும் அக்கம்பக்கத்துக் கிளப்புகளோடு நட்புமுறை ஆட்டங்கள்தான். 1877இல் யார்க்‌ஷயர் கோப்பை தொடங்கப்பட்டதும் நிலைமை தலைகீழாக மாறியது. தோற்றால் வெளியேற வேண்டும் என்ற முறையில் நடந்த அந்தப் போட்டி, ஊருக்கும் ஊருக்கும் இருந்த பழைய பகைமைக்கு ஒரு களம் அமைத்துக் கொடுத்தது. ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது; கூட்டத்தோடு நுழைவுக் கட்டணமும் வந்தது. ஹடர்ஸ்ஃபீல்ட் அந்தக் கோப்பையை 1890இல், வேக்ஃபீல்ட் ட்ரினிட்டியை இறுதி ஆட்டத்தில் வென்று, முதன்முறையாகக் கைப்பற்றியது.

1892இல் யார்க்‌ஷயரின் முன்னணிக் கிளப்புகள் தங்களுக்குள் ஒரு முறையான தொடர் போட்டியையும் அமைத்துக்கொண்டன. வாசலில் காசு வசூலாகிற இடத்தில், அந்தக் காசு யாரால் வருகிறதோ அவருக்கு அதில் பங்கில்லையா என்ற கேள்வி எழுவது இயல்புதானே.

ஆட்டக்காரருக்குப் பணம் கொடுப்பதில் என்ன தவறு? அதற்கா இத்தனை சண்டை?

இதற்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். ரக்பியை நடத்திய ரக்பி ஃபுட்பால் யூனியன் 1871இல் லண்டனில் அமைந்தது. அதன் பொறுப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் தனியார் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் படித்த வசதியான குடும்பத்தவர்கள். 1885இல் கால்பந்துச் சங்கம் தொழில்முறை ஆட்டத்துக்கு இசைவளித்தபோது, உழைக்கும் வர்க்கத்து அணிகளின் கையில் அந்த ஆட்டம் போய்க்கொண்டிருந்ததை இவர்கள் கண்டார்கள். மறு ஆண்டே, ரக்பியில் எந்த வடிவிலும் பணம் கொடுக்கக் கூடாது என்று விதி இயற்றினார்கள்.

வடக்கில் ஆடியவர்களோ சுரங்கத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும். சனிக்கிழமை முற்பகல் வேலை நாள். வெளியூரில் ஆட வேண்டுமென்றால் காலையிலேயே ரயில் ஏற வேண்டும். அந்த அரைநாள் கூலி போய்விடும். சம்பளம் வேண்டும் என்று வடக்குக் கிளப்புகள் முதலில் கேட்கவில்லை. இழந்த கூலிக்கு ஈடு கொடுக்க அனுமதியுங்கள் என்றுதான் கேட்டன. 1893 செப்டம்பர் 20 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேலஸ் ஹோட்டலில் நடந்த பொதுக்கூட்டத்தில் யார்க்‌ஷயர் தரப்பு இதைத் தீர்மானமாக முன்வைத்தது. ஆதரவு 136, எதிர்ப்பு 282. எதிர் வாக்குகளில் கணிசமானவை நேரில் வராத கிளப்புகளின் சார்பில் பதிலாள் மூலம் போடப்பட்டவை.

தூய அமெச்சூர் கொள்கை என்று இதற்குப் பெயர் சூட்டப்பட்டது. வேலைக்குப் போகாமலே பிழைக்க முடிந்தவர்களுக்கு அந்தக் கொள்கையால் எந்த இழப்பும் இல்லை என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

ஹடர்ஸ்ஃபீல்ட் கிளப்பையே தடை செய்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. கார்லைல் பகுதியிலிருந்து இரண்டு ஆட்டக்காரர்களைப் பண ஆசை காட்டி இழுத்துக்கொண்டதாக 1893இல் குற்றம் சாட்டப்பட்டு, அந்த ஆண்டு முடியும்வரை கிளப் ஆடத் தடை விதிக்கப்பட்டது. இது ஹடர்ஸ்ஃபீல்டுக்கு மட்டும் நேர்ந்த கதி அன்று. அடுத்த ஆண்டே லங்காஷயரில் லீ, சால்ஃபோர்ட், விகன் கிளப்புகளும் இதே வகைக் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்டன.

இந்த வேட்டையில் முன்னணியில் நின்றவர்களுள் பாதிரியார் ஃபிராங்க் மார்ஷல் குறிப்பிடத்தக்கவர். யார்க்‌ஷயர் ரக்பி நிர்வாகத்தில் செல்வாக்கு மிக்கவராக இருந்த அவர், பணம் வாங்கும் ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிப்பதையே கடமையாகக் கொண்டிருந்தார். அவர் தலைமையாசிரியராக இருந்த அல்மண்ட்பரி பள்ளி ஹடர்ஸ்ஃபீல்டின் விளிம்பிலேயே இருக்கிறது. அமெச்சூர் கொள்கையின் மிகக் கடுமையான காவலரும் அதற்கு எதிராக 1895இல் கூடிய கூட்டமும் ஒரே ஊரைச் சேர்ந்தவையாக அமைந்துவிட்டன.

ஜார்ஜ் ஹோட்டல் கூட்டத்தில் உண்மையில் என்ன முடிவு எடுத்தார்கள்?

1895 ஆகஸ்ட் 29, வியாழக்கிழமை மாலை, ஹடர்ஸ்ஃபீல்ட் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள ஜார்ஜ் ஹோட்டலில் யார்க்‌ஷயர், லங்காஷயர் கிளப்புகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். ரக்பி ஃபுட்பால் யூனியனிலிருந்து விலகி வடக்கு ரக்பி யூனியன் என்ற தனி அமைப்பைத் தொடங்குவது என்றும், இழந்த கூலிக்கு மட்டும் ஈடு கொடுப்பது என்றும் முடிவு செய்தார்கள். வந்திருந்தவர்களில் டியூஸ்பரி பின்வாங்கியது. ஸ்டாக்போர்ட் தொலைபேசி வழியாகச் சேர்ந்துகொண்டது. சில நாட்களில் ரன்கார்னும் வந்தது. 22 கிளப்புகளோடு செப்டம்பர் 7 அன்று முதல் பருவம் தொடங்கியது. ஈட்டுத் தொகைக்கு ஒரு நாளைக்கு 6 ஷில்லிங் என்ற உச்சவரம்பும் இருந்தது.

முழுத் தொழில்முறை ஆட்டத்துக்கு 1898இல்தான் வழி திறந்தது. அப்போதும் ஆட்டக்காரருக்கு வேறொரு முறையான வேலை இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டது. மதுக்கடையில் வேலை பார்ப்பதும் பில்லியர்ட்ஸ் மேசையில் புள்ளி எண்ணுவதும் முறையான வேலையாக ஏற்கப்படவில்லை! அந்த நிபந்தனைகள் 1905இல் நீக்கப்பட்டன.

அப்படியானால் ரக்பி லீக்கைத் தொடங்கியது ஹடர்ஸ்ஃபீல்ட் கிளப்தானே?

இல்லை. என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுவே. கூட்டம் நடந்த ஊர் ஹடர்ஸ்ஃபீல்ட். கூட்டத்தில் கலந்துகொண்ட பல கிளப்புகளில் ஒன்று ஹடர்ஸ்ஃபீல்ட் கிளப். அதற்கு மேல் தனிப் பெருமை கோர இடமில்லை. பிராட்ஃபோர்ட், லீட்ஸ், ஹாலிஃபாக்ஸ், ஓல்டம் போன்றவையும் அதே அளவுக்குத் தோற்றுநர்களே.

ஊர் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதற்கு முன்பு சொன்ன ரயில் பாதையை நினைவுகூருங்கள். மலைக்கு இரு புறமும் இருந்த யார்க்‌ஷயர், லங்காஷயர் பிரதிநிதிகள் வேலை முடிந்தபின் மாலையில் வந்து சேர வசதியான இடம் அது. ரயிலிலிருந்து இறங்கினால் சதுக்கத்தின் ஓரத்திலேயே ஹோட்டல்.

பிரிந்து வந்ததும் வெற்றிகள் குவிந்தனவா?

குவியவில்லை. முதல் பருவத்தின் சாம்பியன் பட்டத்தை, ஹாலிஃபாக்ஸை ஒரே ஒரு புள்ளியில் முந்தி, மானிங்கம் என்ற பிராட்ஃபோர்ட் பகுதிக் கிளப் வென்றது. தோற்றால் வெளியேறும் முறையில் 1897இல் தொடங்கிய சேலஞ்ச் கோப்பையை முதலில் பேட்லி வென்றது. ஹடர்ஸ்ஃபீல்ட் இந்த ஆண்டுகளில் சாதாரண அணியாகவே இருந்தது. வடக்கு யூனியனில் அதன் முதல் கோப்பை 1909-10 பருவத்தில் வந்தது. அன்று யார்க்‌ஷயர் கோப்பை இறுதியில் பேட்லியை 21-0 என்று வென்றது.

இடைப்பட்ட காலத்தில் கால்பந்தின் ஈர்ப்பு வடக்கு யூனியனை அரித்துக்கொண்டிருந்தது. முதல் சாம்பியனான மானிங்கமே 1903இல் ரக்பியைக் கைவிட்டு பிராட்ஃபோர்ட் சிட்டி என்ற கால்பந்துக் கிளப்பாக மாறிவிட்டது. 1908இல் ஹடர்ஸ்ஃபீல்டிலும் ஹடர்ஸ்ஃபீல்ட் டவுன் என்ற கால்பந்துக் கிளப் வந்தது. ஃபார்டவுன் அணி எழுச்சி பெற்றது இந்தப் போட்டிக்கு நடுவில்தான்.

ஆட்ட விதிகள் எப்போது மாறின? 1895இலேயே பதின்மூன்று பேர் ஆடினார்களா?

1895இல் ஆடியது பழைய பதினைந்து பேர் ஆட்டமேதான். 1897இல் லைன்-அவுட் நீக்கப்பட்டு, எல்லா வகைக் கோலுக்கும் 2 புள்ளி, ட்ரைக்கு 3 புள்ளி என்று வகுக்கப்பட்டது. பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைப்பது கோல்; எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிப்பதே ட்ரை. 1906இல் ஆட்டக்காரர் எண்ணிக்கை பதின்மூன்றாகக் குறைந்தது. பிடிபட்டவர் எழுந்து பந்தை உருட்டும் முறையும் அப்போதுதான் வந்தது. கட்டணம் கொடுத்துப் பார்க்க வருபவர்களுக்கு ஓட்டமும் ட்ரையும் வேண்டும் என்ற கணக்கு இந்த மாற்றங்களுக்குப் பின்னால் இருந்தது. ரக்பி லீக் என்ற பெயர் 1922இல் வந்தது. ஆகவே இந்தப் பக்கத்தில் பேசப்படும் ஆட்டக்காரர்களின் பொற்காலம் முழுவதும் வடக்கு யூனியன் என்ற பெயரின் கீழேதான் நடந்தது.

ஹரோல்ட் வாக்ஸ்டாஃப் பதினைந்து வயதில் ஹடர்ஸ்ஃபீல்டின் முதல் அணிக்கு ஆடினாராமே, நம்பலாமா?

நம்பலாம். 1891 மே மாதம் ஹோம்ஃபர்த்தில் பிறந்த அவர், அண்டர்பேங்க் ரேஞ்சர்ஸ் என்ற உள்ளூர் அணியிலிருந்து ஐந்து தங்க சாவரின் நாணயங்களுக்கு ஒப்பந்தமானார். 1906 நவம்பர் 10 அன்று பிராம்லிக்கு எதிராக அவர் முதன்முறையாக இறங்கியபோது அவருக்கு 15 வயதும் 175 நாட்களும். பதின்மூன்று பேர் ஆட்டம் அறிமுகமான அதே பருவத்தில் அவர் வந்தார் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. களத்தில் இடம் அதிகரித்தது. அந்த இடத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பழைய பழக்கங்கள் ஏதுமின்றிக் கற்றவர் அவர். பதினேழு வயதில் இங்கிலாந்து அணிக்கே ஆடினார். களத்தின் நடுப்பகுதியான சென்டர் இடத்தில் ஆடிய அவரை ‘சென்டர்களின் இளவரசர்’ என்று அழைத்தார்கள்.

1914இல் ஆஸ்திரேலியா சென்ற பிரிட்டிஷ் அணிக்கு அவரே தலைவர். அந்த ஆண்டு ஜூலை 4 அன்று சிட்னியில் நடந்த தீர்மானகரமான டெஸ்டில், மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே இல்லாத அந்தக் காலத்தில், ஒருவர் பின் ஒருவராகக் காயமுற்று வெளியேற, எஞ்சியவர்களை வைத்துக்கொண்டு 14-6 என்று வென்றார்கள். 1879இல் ஜூலுப் போரில் சிறு படையொன்று பெரும் படையைத் தடுத்து நின்ற ரோர்க்ஸ் ட்ரிஃப்ட்டின் பெயர் அந்த ஆட்டத்துக்கு நிலைத்துவிட்டது.

ஒரே பருவத்தில் 80 ட்ரை என்பது அச்சுப்பிழையா?

பிழை இல்லை. ஹடர்ஸ்ஃபீல்டின் ஆல்பர்ட் ரோசன்ஃபெல்ட் 1913-14 பருவத்தில் 42 ஆட்டங்களில் 80 ட்ரை அடித்தார். அதற்கு இரண்டு பருவங்களுக்கு முன் அவர் அடித்தது 78. அந்த 80 இன்றுவரை முறியடிக்கப்படவில்லை.

அவர் சிட்னியில் பிறந்த யூதர். 1908-09இல் இங்கிலாந்து வந்த முதல் ஆஸ்திரேலிய ரக்பி லீக் அணியில் இருந்தார். பயணம் முடிந்ததும் ஹடர்ஸ்ஃபீல்டில் ஒப்பந்தமாகி, அங்கேயே மணம் முடித்து, 1970இல் அங்கேயே இறந்தார். உயரம் குறைந்தவர், வேகத்திலும் திசை மாற்றி ஓடுவதிலும் வல்லவர். களத்தின் ஓரமான விங்கில் நின்ற அவருக்குப் பந்து வந்து சேரும்போது எதிரணியின் தடுப்பு வரிசை ஏற்கெனவே குலைந்திருக்கும். அந்த வேலையை உள்ளே இருந்தவர்கள் முடித்திருப்பார்கள். இதைச் சொல்வதால் அவர் பெருமை குறையாது. ஆனால் 80 என்ற எண்ணை ஒருவருடையதாக மட்டும் படிப்பவர்கள் அந்த அணியைப் புரிந்துகொள்ளத் தவறுகிறார்கள்.

எதிரணிகளின் தரம் சமமாக இல்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1914 பிப்ரவரியில் சேலஞ்ச் கோப்பையில் ஸ்விண்டன் பார்க் என்ற அமெச்சூர் அணியை ஹடர்ஸ்ஃபீல்ட் 119-2 என்று வென்றது. அன்று மேஜர் ஹாலண்ட் தனியாக 39 புள்ளி எடுத்தார். மேஜர் என்பது அவருடைய பெயர். ராணுவப் பதவி என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள்.

வாக்ஸ்டாஃப் காலத்து ஹடர்ஸ்ஃபீல்டை ‘எல்லாத் திறமைகளும் கொண்ட அணி’ என்கிறார்கள். காசை வீசி வாங்கிய அணிதானே அது?

பாதிதான் உண்மை. அணித்தலைவர் வாக்ஸ்டாஃப் சில மைல் தொலைவிலிருந்து வந்தவர் என்று முன்பே பார்த்தோம். ரோசன்ஃபெல்டுக்கு மறுபுற விங்கில் ஆடிய ஸ்டான்லி மூர்ஹவுஸ் உள்ளூர்க்காரர்; 1913ஆம் ஆண்டு சேலஞ்ச் கோப்பை இறுதியில் வாரிங்டனை 9-5 என்று வென்றபோது அணியின் ஒன்பது புள்ளிகளும் அவர் அடித்த மூன்று ட்ரைகளிலிருந்தே வந்தன.

மற்றவர்கள் வெளியூர்க்காரர்கள் என்பதும் உண்மையே. முன்வரிசையின் தூணான டக்ளஸ் கிளார்க் கம்பர்லாந்தின் மேரிபோர்ட் பக்கத்தவர். நிலக்கரி வியாபாரி, மற்போர் வீரர். ஹாஃப்-பேக் ஜானி ரோஜர்ஸும் நீண்ட தூரம் கோல் உதைக்கும் பென் க்ரோனோவும் வேல்ஸ்காரர்கள். 1910இல் ட்விக்கன்ஹாம் மைதானத்தின் முதல் சர்வதேச ரக்பி யூனியன் ஆட்டத்தில் முதல் பந்தை உதைத்துத் தொடங்கிவைத்தவர் இதே க்ரோனோதான். ரோசன்ஃபெல்டுடன் டாமி க்ளீசன் ஆஸ்திரேலியாவிலிருந்தும், எட்கர் ரிக்லி நியூசிலாந்திலிருந்தும் வந்தார்கள். பணம் பல கிளப்புகளிடமும் இருந்தது. யாரை, எந்த இடத்துக்கு, யாருக்குப் பக்கத்தில் என்று பார்த்து எடுத்ததில்தான் ஹடர்ஸ்ஃபீல்ட் நிர்வாகத்தின் கெட்டிக்காரத்தனம் இருந்தது.

1914-15இல் ஹடர்ஸ்ஃபீல்ட் நான்கு கோப்பைகளையும் வென்றது என்கிறார்களே, அவை எவை?

லீக் சாம்பியன் பட்டம், சேலஞ்ச் கோப்பை, கவுண்டி கோப்பை, கவுண்டி லீக் ஆகியவை. ஹடர்ஸ்ஃபீல்டுக்குக் கடைசி இரண்டும் யார்க்‌ஷயர் கோப்பையும் யார்க்‌ஷயர் லீக்கும். நான்கையும் ஒரே பருவத்தில் வென்றவை மூன்றே கிளப்புகள்: 1907-08இல் ஹன்ஸ்லெட், 1914-15இல் ஹடர்ஸ்ஃபீல்ட், 1927-28இல் ஸ்விண்டன்.

ஹடர்ஸ்ஃபீல்டின் கணக்கு வியப்பூட்டுவது. 34 லீக் ஆட்டங்களில் 28 வெற்றி, 4 சமநிலை, 2 தோல்வி. யார்க்‌ஷயர் கோப்பை இறுதியில் ஹல் அணியை 31-0. சாம்பியன் பட்ட இறுதியில் லீட்ஸை 35-2. 1915 மே 1 அன்று ஓல்டமில் நடந்த சேலஞ்ச் கோப்பை இறுதியில் செயின்ட் ஹெலன்ஸை 37-3. மூன்று இறுதி ஆட்டங்களிலும் சேர்த்து எதிரணிகள் எடுத்தவை ஐந்தே புள்ளிகள்.

1914-15 போர் நடந்த பருவமாயிற்றே. நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் போர்முனைக்குப் போன பிறகு வென்றது பெரிய விஷயமா?

நியாயமான கேள்வி. போர் தொடங்கியும் அந்தப் பருவத்தைத் தொடர்வது என்று வடக்கு யூனியன் முடிவு செய்தது. ரக்பி யூனியன் தன் ஆட்டங்களை நிறுத்திவிட்டது. பருவம் முழுவதும் ஆட்டக்காரர்கள் படையில் சேர்ந்துகொண்டே இருந்ததால் பல அணிகள் மெலிந்தன. ஆனால் ஹடர்ஸ்ஃபீல்டின் ஆதிக்கம் போரோடு தொடங்கவில்லை. 1911-12இல் வேக்ஃபீல்டையும் 1912-13இல் விகனை 29-2 என்றும் வீழ்த்தி இரு முறை சாம்பியன் ஆகியிருந்தது. 1913-14 இறுதியில் மட்டும் சால்ஃபோர்டிடம் 3-5 என்று நழுவவிட்டது. போர் இல்லாதிருந்தாலும் நான்கு கோப்பைகள் வந்திருக்குமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வரக்கூடிய அணி எது என்று 1914 கோடையில் கேட்டிருந்தால் இந்தப் பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள்.

லீக் ஆட்டக்காரர்களுக்கு யூனியனில் வாழ்நாள் தடை என்கிறார்கள். ஆனால் வாக்ஸ்டாஃப் ராணுவத்தில் யூனியன் ஆடினார் என்றும் படித்தேன். இரண்டும் எப்படிப் பொருந்தும்?

இரண்டும் உண்மை. பிரிவுக்குப் பின், வடக்கு யூனியன் அணிக்காகவோ அதற்கு எதிராகவோ ஆடிய எவரும் ரக்பி யூனியனில் மீண்டும் கால் வைக்கக் கூடாது என்பது அன்றைய விதி. போர்க்காலத்தில் ராணுவ அணிகளுக்கு மட்டும் அந்த விதி தளர்த்தப்பட்டது. லண்டனின் க்ரோவ் பார்க்கில் இருந்த ராணுவ மோட்டார் போக்குவரத்துப் பிரிவின் பதினைந்து பேர் அணியில் வாக்ஸ்டாஃப், கிளார்க், க்ரோனோ ஆகியோர் சேர்ந்து ஆடினார்கள். 1916-17 பருவத்தில் அந்த அணி ஒரே ஒரு ஆட்டத்தில் மட்டுமே தோற்றது. அமைதி திரும்பியதும் பழைய தடையும் திரும்பிவிட்டது. ஒன்றாகச் சாகலாம், ஒன்றாக ஆடக் கூடாது என்ற நிலைக்கு என்ன நியாயம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கிளார்க் போர்முனையில் நச்சுப் புகையால் பாதிக்கப்பட்டும் ராணுவப் பதக்கம் பெற்றுத் திரும்பினார். திரும்பி வந்து மீண்டும் ஆடினார். 1914 ஆஸ்திரேலியப் பயணத்தில் இருந்த முன்வரிசை ஆட்டக்காரர் ஃப்ரெட் லாங்ஸ்டாஃப் 1916இல் பிரான்ஸில் கொல்லப்பட்டார்.

போருக்குப் பிறகு அந்த அணி என்ன ஆயிற்று?

1915 முதல் 1918 வரை முறையான போட்டிகள் இல்லை. நல்ல ஆட்டக்காரர்களின் சிறந்த ஆண்டுகள் அதில் போயின. 1919இல் ஆட்டம் தொடங்கியதும் யார்க்‌ஷயர் கோப்பையை வென்றார்கள். 1919-20இல் மறுபடியும் நான்கும் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தன. யார்க்‌ஷயர் கோப்பையும் யார்க்‌ஷயர் லீக்கும் வந்துவிட்டன. சேலஞ்ச் கோப்பை இறுதியில் விகனை 21-10 என்று வென்றார்கள். எஞ்சியது சாம்பியன் பட்ட இறுதி. அதற்குள் வாக்ஸ்டாஃப், கிளார்க், க்ரோனோ, ரோஜர்ஸ் உள்ளிட்ட ஐவர் பிரிட்டிஷ் அணியோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். அவர்கள் இல்லாமல் ஆடிய ஹடர்ஸ்ஃபீல்ட், ஹல் அணியிடம் 2-3 என்று தோற்றது. அடுத்த சாம்பியன் பட்டம் 1928-29இல்தான் வந்தது.

இதுதான் உலகின் மிகப் பழைய ரக்பி லீக் கிளப் என்று சொல்லலாமா?

மூன்றாம் கேள்விக்கான பதிலை இங்கே பொருத்திப் பாருங்கள். 1864ஐத் தொடக்கமாகக் கொண்டால் சொல்லலாம். ஆனால் ஹல் கிளப் 1865இல் ரக்பி ஆடுவதற்கென்றே தொடங்கப்பட்டது. ஹடர்ஸ்ஃபீல்ட் கழகம் முதல் ரக்பி ஆட்டத்தை ஆடியது 1866இல். தொடர்ச்சியான அமைப்பின் வயதை எண்ணினால் ஹடர்ஸ்ஃபீல்ட் மூத்தது. ரக்பி ஆடத் தொடங்கிய நாளை எண்ணினால் ஹல்லுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டியிருக்கும். என் சாய்வு ஹல் பக்கம். ஹடர்ஸ்ஃபீல்ட் ரசிகர்கள் இதை ஏற்க மாட்டார்கள்.

இப்போது ஆடும் ஹடர்ஸ்ஃபீல்ட் ஜயன்ட்ஸ் அதே பழைய கிளப்தானா?

ஆம், அதே கிளப். ஜயன்ட்ஸ் என்ற ஒட்டு 1990களில் சேர்க்கப்பட்டது. ஃபார்டவுன் மைதானத்தைவிட்டு முதல் அணி 1992இல் வெளியேறியது. இப்போது நகரின் கால்பந்துக் கிளப்போடு ஒரே அரங்கத்தைப் பகிர்ந்துகொள்கிறது. சட்டையின் நிறம் மாறவில்லை. இதுவரை வென்ற ஏழு சாம்பியன் பட்டங்களில் மூன்று, வாக்ஸ்டாஃப் தலைமையில் ஆடிய அந்த அணி ஈட்டியவை.